அலமாரியைக் காத்த ஊர்கள்

ஒரு நூலை அகற்றச் சொல்லச் சிலர் போதும். அதை இருந்த இடத்திலேயே வைத்திருக்க யார் வர வேண்டும்? நூலகத் தணிக்கையை எதிர்த்து நின்ற அமெரிக்க ஊர்களின் கதை.

2023 ஏப்ரல் 13 அன்று டெக்சஸ் மாநிலத்தின் லானோ கவுன்டியில் ஆணையர்கள் ஒரு சிறப்புக் கூட்டம் கூட்டினார்கள். கவுன்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம். ஆனால் லானோவில் மொத்தமே சுமார் 21 ஆயிரம் பேர்தான். கூட்டத்தின் முன் இருந்த கேள்வி இது: கவுன்டியின் மூன்று நூலகங்களையும் திறந்து வைத்திருப்பதா, மூடிவிடுவதா?

புயலும் இல்லை, பணத் தட்டுப்பாடும் இல்லை. இரண்டு வாரங்களுக்கு முன்பு ஃபெடரல் நீதிபதி ராபர்ட் பிட்மன் ஓர் உத்தரவு போட்டிருந்தார். நூலகங்களிலிருந்து அகற்றிய 17 நூல்களை 24 மணி நேரத்துக்குள் அலமாரியில் திரும்ப வைக்க வேண்டும் என்பது அந்த உத்தரவு. அந்த நூல்களை வைப்பதற்குப் பதில் நூலகத்தையே மூடிவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு நிர்வாகம் போயிருந்தது.

அன்று ஊர்க்காரர்கள் பேச வந்தார்கள். மூட வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள், கூடாது என்றவர்களும் இருந்தார்கள். கடைசியில் ஆணையர்கள் அந்த யோசனையைக் கைவிட்டார்கள். நூலகங்கள் திறந்தே இருக்கும் என்று அறிவித்தார்கள்.

அந்த ஒரு நாள் வெற்றிக்குப் பின்னால் ஒன்றரை ஆண்டுப் போராட்டம் இருந்தது. அதற்குப் பிறகு நீதிமன்றத்தில் கிடைத்த தோல்வியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நூலகத்தை உண்மையில் யார் காப்பாற்றுகிறார்கள் என்பது புரியும்.

பதினேழு நூல்கள்

லானோவில் பிரச்சினை 2021இல் சிறுவர் படக்கதைகளில் தொடங்கியது. குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் விஷயங்களான குசுவையும் பின்புறத்தையும் வைத்து எழுதப்பட்ட வேடிக்கைப் புத்தகங்கள் ஆபாசமானவை என்று சிலர் புகார் சொன்னார்கள். மாரிஸ் சென்டாக்கின் படப்புத்தகம் ஒன்றும் அதில் சிக்கியது. கனவில் ஆடையின்றிச் சமையலறையில் மிதக்கும் ஒரு சிறுவன் அதன் நாயகன்.

அந்த ஆண்டு அக்டோபரில் டெக்சஸ் சட்டமன்ற உறுப்பினர் மேட் க்ரவுஸ், சுமார் 850 நூல்களின் பட்டியல் ஒன்றைப் பள்ளி மாவட்டங்களுக்கு, அதாவது அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகங்களுக்கு அனுப்பி, இவற்றில் எவை உங்களிடம் இருக்கின்றன என்று கேட்டிருந்தார். இனவெறி, பாலின அடையாளம், பாலியல் கல்வி பற்றிய நூல்கள் அதில் நிறைய. பள்ளிகளுக்காகப் போட்ட அந்தப் பட்டியல் லானோவின் பொது நூலகத்துக்கும் வந்து சேர்ந்தது. அகற்றப்பட்ட 17இல் சில அந்தப் பட்டியலில் இருந்தவை. கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளையின வன்முறை அமைப்பின் வரலாற்றை இளையோருக்குச் சொல்லும் நூல் அவற்றில் ஒன்று.

இன்னொன்று நம்மை நேராகத் தொடுவது. இசபெல் வில்கர்சன் 2020இல் வெளியிட்ட ‘காஸ்ட்’ என்ற நூல் அது. அமெரிக்க நிறவெறியையும் இந்தியச் சாதியையும் நாஜி ஜெர்மனியின் யூத வெறுப்பையும் அருகருகே வைத்து ஆராயும் நூல். அம்பேத்கரைப் பற்றி அது பேசுகிறது. தீண்டாமையின் வரலாற்றைச் சொல்லும் ஒரு நூல், டெக்சஸின் ஒரு சிற்றூர் நூலகத்திலிருந்து ஓசையில்லாமல் எடுக்கப்பட்டது.

ஓசையில்லாமல் என்பது முக்கியம். எந்த நூலகமும் கிழிந்ததை, காலாவதியானதை, யாரும் எடுக்காததை அவ்வப்போது ஒதுக்கும். அது அன்றாட வேலை. இந்த 17ஐயும் அந்த வேலையின் பகுதியாகத்தான் ஒதுக்கினோம் என்று கவுன்டி சொன்னது. அதே சமயம் 2021 டிசம்பரில் மின்னூல் சேவை நிறுத்தப்பட்டது. நூலக ஆலோசனைக் குழு கலைக்கப்பட்டு, நூல்களை அகற்றச் சொன்னவர்கள் அடங்கிய புதிய குழு வந்தது. நூல்களை எடுக்க மறுத்த கிளை நூலகர் ஒருவர் 2022 மார்ச்சில் வேலையிழந்தார்.

அடுத்த மாதம் ஊர்க்காரர்கள் ஏழு பேர் வழக்குத் தொடுத்தார்கள். நூல்களின் உள்ளடக்கம் பிடிக்காததால்தான் அவை அகற்றப்பட்டன, இது கருத்துரிமைக்கு எதிரானது என்பது அவர்கள் வாதம். முதல் கட்டத்தில் நீதிபதி பிட்மன் அதை ஏற்றார். அப்போதுதான் நூலகத்தையே மூடும் யோசனை எழுந்தது.

பதினொரு பேர்

லானோ தனி ஊர் இல்லை. 2021க்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் இந்த அலை எழுந்தது. அமெரிக்க நூலகச் சங்கம் கணக்கெடுத்ததில், 2023இல் மட்டும் 4,240 வெவ்வேறு தலைப்புகள் ஆட்சேபத்துக்கு உள்ளாயின. அந்தச் சங்கம் கணக்கு வைக்கத் தொடங்கியதிலிருந்து அதுவே உச்சம். எழுத்தாளர் அமைப்பான பென் அமெரிக்கா, 2023–24 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நூல் தடைகளைப் பதிவு செய்தது.

இந்த எண்களைப் பார்த்தால் நாடே பொங்கி எழுந்தது போலத் தோன்றும். அப்படி இல்லை. 2021–22 கல்வியாண்டில் 150க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்களில் கொடுக்கப்பட்ட ஆயிரத்துக்கும் அதிகமான ஆட்சேப மனுக்களை வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் வாங்கிப் படித்தது. அவற்றில் 60 சதவீதம் வெறும் 11 பேர் கொடுத்தவை. 2024ஆம் ஆண்டு முயற்சிகளில் 72 சதவீதம் அமைப்புகளிடமிருந்தும் அதிகாரத்தில் இருப்பவர்களிடமிருந்தும் வந்தவை என்று நூலகச் சங்கம் சொல்கிறது. பெற்றோர் கொடுத்தவை 16 சதவீதம்.

மறுபக்கம் பாருங்கள். 2022 மார்ச்சில் அதே சங்கம் நடத்திய கருத்துக்கணிப்பில், பொது நூலகங்களிலிருந்து நூல்களை அகற்றும் முயற்சியை 71 சதவீத வாக்காளர்கள் எதிர்த்தார்கள். இரு கட்சி ஆதரவாளர்களிலும் பெரும்பான்மையினர் எதிர்த்தரப்பில்தான் இருந்தார்கள்.

அப்படியானால் பதினொரு பேர் எப்படி வெல்கிறார்கள்? அவர்கள் கூட்டத்துக்கு வருகிறார்கள். மனு எழுதுகிறார்கள். மாதம் தவறாமல் ஒலிபெருக்கிக்கு முன் நிற்கிறார்கள். 71 சதவீதம் பேர் வீட்டில் இருக்கிறார்கள். பள்ளி மாவட்டத்தை நிர்வகிக்கும் கல்விக் குழு உறுப்பினரின் கண்ணுக்குத் தெரிவது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கோபம் மட்டுமே.

ஒரு தாயோ தந்தையோ தன் பிள்ளை படிப்பதைப் பற்றிக் கவலைப்படுவதில் தவறே கிடையாது. அதற்கு நூலகங்களில் வழியும் உண்டு. ஆட்சேபப் படிவம் இருக்கும். நூலகர், ஆசிரியர், பெற்றோர் கொண்ட குழு நூலை முழுக்கப் படிக்கும். முடிவு வரும்வரை நூல் அலமாரியில் இருக்கும். இந்த முறையைத் தாண்டி, ஒரு பக்கத்தைப் படம் பிடித்துக் காட்டி, முதலில் எடு, பிறகு பேசலாம் என்கிறபோதுதான் அது தணிக்கை ஆகிறது. தன் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கு முழு உரிமை உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு யாரும் அதிகாரம் தரவில்லை.

பள்ளி வாசலில் மாணவர்கள்

பென்சில்வேனியா மாநிலத்தின் சென்ட்ரல் யார்க் பள்ளி மாவட்டத்தில் நடந்தது, அமைப்பாக இயங்கினால் மாணவர்களால் என்ன முடியும் என்பதற்கு நல்ல சான்று.

2020இல் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலர் ஒருவரால் கொல்லப்பட்டதை அடுத்து, அந்த மாவட்டத்தின் பன்மைத்துவக் குழு ஆசிரியர்களுக்கு உதவும் நூல்கள், காணொளிகளின் பட்டியல் ஒன்றைத் தொகுத்தது. ரோசா பார்க்ஸ் பற்றிய சிறுவர் நூல், மார்ட்டின் லூதர் கிங் பற்றியவை, மலாலாவின் வாழ்க்கைக் கதை என்று பெரும்பாலும் கறுப்பினத்தாரும் பிற நிறத்தாரும் எழுதியவை, அல்லது அவர்களைப் பற்றியவை. கல்விக் குழு அந்தப் பட்டியல் முழுவதையும் வகுப்பில் பயன்படுத்தக் கூடாது என்று அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒருமனதாக முடிவெடுத்தது. பரிசீலிக்கும்வரை நிறுத்தி வைத்திருக்கிறோம், தடை இல்லை என்றார்கள். பரிசீலனை ஏறக்குறைய ஓராண்டாக முடியவேயில்லை.

2021 செப்டம்பரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தங்கள் நிறவெறி எதிர்ப்புச் சங்கத்தின் சார்பில் கிளம்பினார்கள். தினமும் காலையில் முதல் மணி அடிப்பதற்கு முன் பள்ளி வாசலில் பதாகைகளோடு நின்றார்கள்.  மணி அடித்ததும் வகுப்புக்குப் போனார்கள். ஒரு பாடத்தையும் அவர்கள் விடவில்லை. அதனால் அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் வழி இல்லாமல் போனது. உள்ளூர் நாளிதழ் எழுதியது, பிறகு தேசிய ஊடகங்கள் வந்தன, எழுத்தாளர்கள் குரல் கொடுத்தார்கள். செப்டம்பர் 20 அன்று அதே கல்விக் குழு அதே ஒருமனதோடு தடையை நீக்கியது.

நூல்களை நிறுத்தி வைத்த முடிவு எடுக்கப்பட்டபோது அது பலர் கவனத்துக்கு வரவில்லை. ஊர் பார்க்கத் தொடங்கியதும் கல்விக் குழுவால் அதைத் தாங்கிப் பிடிக்க முடியவில்லை. பல தடைகள் இப்படிப்பட்டவைதான். வெளிச்சத்தில் நிற்கும் வலு அவற்றுக்குக் கிடையாது.

மற்ற இடங்களிலும் இளைஞர்கள் வழி கண்டார்கள். டெக்சஸின் லியாண்டர் பகுதியில் ஒரு பள்ளி மாணவர்கள், அகற்றப்பட்ட நூல்களைச் சேர்ந்து படிக்கவே ஒரு வாசிப்புக் குழு தொடங்கினார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பொது நூலகம் 2022 ஏப்ரலில் தன் மின்னூல் வாசலை நாடு முழுவதும் உள்ள 13 முதல் 21 வயது வரையிலானவர்களுக்கு இலவசமாகத் திறந்தது. சொந்த ஊரில் மறுக்கப்பட்ட நூல் புரூக்ளினிலிருந்து கைபேசிக்கு வந்தது.

வாக்குச்சீட்டில் நூலகம்

மிச்சிகன் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுன் ஊரில் சண்டை வரிப் பணத்தின் வழியாக வந்தது. அங்கே நூலகத்துக்கான சொத்து வரியை வாக்காளர்கள் அவ்வப்போது வாக்களித்துப் புதுப்பிக்க வேண்டும். அந்த ஊரின் பட்மஸ் நூலகத்தில் இருந்த சுமார் 67 ஆயிரம் நூல்கள், படங்கள், பிற பொருட்களில் ஏறக்குறைய 90 மட்டுமே தன்பால் ஈர்ப்பாளர், திருநர் வாழ்வு பற்றியவை. அந்தத் தொண்ணூறுக்காக 2022 ஆகஸ்டில் ஊர் வரியை நிராகரித்தது. நூலகத்தின் வரவுசெலவில் சுமார் 84 சதவீதம் ஒரே நாளில் போனது. முன்னதாகவே தலைமை நூலகர் பதவி விலகியிருந்தார். அவருக்குப் பின் வந்தவரும் விலகினார்.

ஊர்க்காரர்கள் இணையத்தில் நிதி திரட்டத் தொடங்கினார்கள். நாடெங்கிலுமிருந்து இரண்டரை லட்சம் டாலருக்கும் மேல் வந்தது. நாவலாசிரியர் நோரா ராபர்ட்ஸ் மட்டும் 50 ஆயிரம் டாலர் கொடுத்தார். நவம்பரில் இரண்டாவது முறை வாக்கெடுப்பு நடந்தது. மறுபடியும் தோல்வி.

வெளியூர்க்காரர்களின் பணத்தால் நூலகம் சில காலம் மூச்சு விட்டது. உள்ளூர்க்காரர்களின் மனத்தை அந்தப் பணத்தால் மாற்ற முடியவில்லை. அதற்கு ஊர்க்காரர்கள்தான் தேவைப்பட்டார்கள். நூலகம் மூடினால் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரம் போகும், முதியவர்கள் கூடும் இடம் போகும் என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. 2023 நவம்பரில் மூன்றாவது முயற்சி வென்றது.

கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன் பீச் சுமார் இரண்டு லட்சம் பேர் வாழும் கடலோர நகரம். 2023இல் நகர மன்றம் சிறுவர் நூல்களைப் பரிசீலிக்க, தானே நியமிக்கும் பெற்றோர் குழு ஒன்றை உருவாக்க முடிவு செய்தது. நூலகத்தைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பேச்சும் வந்தது. குடிமக்கள் கையெழுத்து வேட்டையில் இறங்கினார்கள். போதுமான கையெழுத்துகளோடு இரண்டு முன்மொழிவுகளை வாக்குச்சீட்டில் ஏற்றினார்கள். 2025 ஜூனில் நடந்த சிறப்புத் தேர்தலில் இரண்டும் தெளிவான பெரும்பான்மையில் வென்றன. பெற்றோர் குழு போனது. மக்கள் சம்மதமில்லாமல் நூலகத்தைத் தனியாருக்குக் கொடுக்க முடியாது என்றானது. அந்த நகரம் குடியரசுக் கட்சியின் கோட்டை. அப்போது நகர மன்றத்தின் ஏழு இடங்களும் அக்கட்சியினரிடம் இருந்தன. நூலகம் என்று வந்தபோது வாக்காளர்கள் கட்சி பார்க்கவில்லை.

நூலகர்கள் கொடுத்த விலை

இந்தப் போராட்டம் புதிதல்ல. ஜான் ஸ்டைன்பெக்கின் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ 1939இல் வெளிவந்தது. பஞ்சம் பிழைக்க ஓக்லஹோமாவிலிருந்து கலிஃபோர்னியாவின் பண்ணைகளுக்குப் போன கூலிக் குடும்பத்தின் கதை. அந்தக் குடும்பங்கள் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்றான கெர்ன் கவுன்டியின் நிர்வாகக் குழு, அந்த ஆண்டு ஆகஸ்டில் நாவலைத் தன் நூலகங்களிலும் பள்ளிகளிலும் தடை செய்தது. கவுன்டியின் தலைமை நூலகர் கிரெட்சன் நீஃப், தடையைக் கொண்டுவந்தவருக்கே கடிதம் எழுதினார். ஒரு நூலைத் தடுப்பதால் அதிலுள்ள கருத்து செத்துவிடாது, இந்தப் பழக்கம் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது என்று எச்சரித்தார். நூல்களை மாநிலத்தின் பிற நூலகங்களுக்குக் கொடுத்து வாசகர்களிடம் சேர்த்தார். தடை 1941 ஜனவரி வரை நீடித்தது.

அதே 1939இல்தான் அமெரிக்க நூலகச் சங்கம், நூலகங்களின் உரிமைச் சாசனத்தை ஏற்றது. அதன் முதல் வடிவத்தை எழுதியவர் அயோவா மாநிலம் டிமாய்ன் நகரத்து நூலகத்தின் இயக்குநர் ஃபாரஸ்ட் ஸ்பால்டிங்.

எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நூலகர்தான் முதல் அடி வாங்குகிறார். லூசியானாவின் பள்ளி நூலகர் அமாண்டா ஜோன்ஸ் 2022 ஜூலையில் தன் ஊர்ப் பொது நூலகக் குழுவின் கூட்டத்தில் தணிக்கைக்கு எதிராகப் பேசினார். அங்கே அதே கருத்தைச் சொன்னவர்கள் பலர். ஆனால் சமூக ஊடகத்தில் குறி வைக்கப்பட்டவர் அவர். குழந்தைகளுக்கு ஆபாசம் கொடுப்பவர் என்றார்கள். கொலை மிரட்டல் வந்தது. அவர் ஒதுங்கிப் போகவில்லை. அவதூறு வழக்குத் தொடுத்தார், மாநில அளவில் தணிக்கை எதிர்ப்பு அமைப்பைக் கட்டினார், தன் அனுபவத்தை நூலாகவும் எழுதினார்.

எல்லோரிடமும் அந்தத் துணிவை எதிர்பார்க்க முடியாது. எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை. வேலையும் குடும்பமும் உள்ள ஒரு நூலகர், வம்பு எதற்கு என்று ஒரு நூலை வாங்காமலே விட்டுவிடலாம். அந்தத் தணிக்கை எந்தக் கணக்கிலும் வராது. ஆர்கன்சாஸ் மாநிலம் 2023இல் நூலகர்களுக்குக் குற்றத் தண்டனை விதிக்க வழிசெய்யும் சட்டமே கொண்டுவந்தது. ஃபெடரல் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை முதலில் நிறுத்தி வைத்தது, 2024 டிசம்பரில் அவை செல்லாது என்றது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் நூலகங்கள், நூலகர்களோடு புத்தகக் கடைகளும் வாசகர்களும் இருந்தார்கள். நூலகர் தனியாள் இல்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதை அவருக்குத் தெரிவிக்க வேண்டியவர் வாசகர்.

நீதிமன்றத்தின் எல்லை

1976இல் நியூயார்க்கின் ஐலண்ட் ட்ரீஸ் பள்ளி மாவட்டம், கர்ட் வானகட், ரிச்சர்ட் ரைட் உள்ளிட்டோரின் நூல்களை நூலகத்திலிருந்து அகற்றியது. ஸ்டீவன் பிகோ என்ற மாணவரும் அவர் நண்பர்களும் வழக்காடினார்கள். 1982இல் உச்ச நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் சாய்ந்தது. கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காகப் பள்ளி நூலகத்திலிருந்து நூலை எடுக்க முடியாது என்று நீதிபதி பிரென்னன் எழுதினார். ஆனால் அந்தக் கருத்துக்கு ஐந்து நீதிபதிகளின் முழு ஆதரவு கிடைக்கவில்லை. அதனால் அது உறுதியான முன்னுதாரணமாக நிலைக்கவில்லை.

அந்த ஓட்டை லானோவில் பெரிதானது. 2025 மே மாதம் ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு, பத்துக்கு ஏழு என்ற கணக்கில் ஊர்க்காரர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பொது நூலகம் ஒரு நூலை அகற்றுவதை, தகவல் பெறும் உரிமையின் பெயரால் வாசகர் எதிர்க்க முடியாது என்றது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை விசாரிக்க மறுத்துவிட்டது. டெக்சஸ், லூசியானா, மிசிசிப்பி ஆகிய மூன்று மாநிலங்களுக்கும் இப்போது அதுதான் சட்டம்.

இது கசப்பான தீர்ப்பு. அநியாயமான தீர்ப்பு என்றே நான் நம்புகிறேன். ஆனால் அது ஒன்றைத் தெளிவாக்குகிறது. நூலை வைப்பதா எடுப்பதா என்பதை அந்த மாநிலங்களில் இனி ஊர் நிர்வாகமே முடிவு செய்யும். நிர்வாகத்தை முடிவு செய்வது ஊரின் வாக்கு. வேறு மாநிலங்கள் சட்டத்தின் வழியே எதிர்த் திசையில் நடக்கின்றன. இலினாய் 2023இல் முதல் அடி வைத்தது: கருத்துக்காக நூல்களைத் தடை செய்ய மாட்டோம் என்ற கொள்கையை ஏற்காத நூலகங்களுக்கு மாநில மானியம் கிடையாது. மேரிலாந்து, நியூ ஜெர்சி போன்றவை 2024இல் தங்கள் சட்டங்களை நிறைவேற்றின. அந்தச் சட்டங்களுக்குப் பின்னாலும் ஊர் ஊராகக் கூட்டங்களுக்குப் போன வாசகர்கள் இருந்தார்கள்.

நம் பக்கம்

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ வெளிவந்து நான்கு ஆண்டுகள் ஒரு சலசலப்பும் இல்லை. 2014 இறுதியில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு திரட்டப்பட்டது. 2015 ஜனவரியில் அமைதிப் பேச்சு என்ற பெயரில் எழுத்தாளரிடம் மன்னிப்பு எழுதி வாங்கப்பட்டது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்றது, நூலைத் தடை செய்யவும் மறுத்தது. 2020இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் ஒரு மாணவர் அமைப்பின் புகாரை அடுத்து அருந்ததி ராயின் நூலை ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தது. இரண்டிலும் அதே விதி: அணி திரண்ட சிலர், அவசரப்பட்ட நிர்வாகம், வீட்டில் இருந்த பெரும்பான்மை.

நம் பொது நூலகங்களுக்கும் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நாம் நூலக வரி கட்டுகிறோம். எனவே ஊர்ப்புற நூலகத்தில் எந்த நூல் இருக்கிறது, எது வரவில்லை, எது போனது என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. கேட்பதற்கான இடமும் இருக்கிறது: நூலகங்களின் வாசகர் வட்டம். பல ஊர்களில் அது பெயரளவில் மட்டும் இருக்கிறது. அதற்கு உயிர் கொடுக்க வேண்டும். உறுப்பினராகச் சேருங்கள். பிள்ளைகளின் பள்ளியில் நூலகப் பாடவேளை நடக்கிறதா, பெட்டிக்குள் பூட்டிய புத்தகங்கள் வெளியே வந்தனவா என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். ஒரு நூலை எடுக்கச் சொல்லி யாராவது வந்தால், முழுக்கப் படித்தீர்களா என்று முதலில் கேளுங்கள். உங்கள் நூலகர் நல்ல நூல் ஒன்றை வாங்கி வைத்தால் நன்றி சொல்லி மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நூலகம் வென்ற ஊர்கள் சொல்லும் பாடம் இவ்வளவுதான்: அகற்றச் சொல்பவர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வருகிறார். வாசகரும் வர வேண்டும்.